கொள்ளு என்றால் வாயைத் திறக்கும்...

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்." வேலை என்றால் ஓடி ஒளிந்துவிட்டு, சாப்பாடு என்றால் முதல் பந்தியில் உட்காருகிற ஆளைத் திட்டுவதற்கு நம் ஊரில் இதைவிடச் சுருக்கமான வசனம் கிடையாது. ஹாஸ்டலில் எல்லா அறையிலும் அப்படி ஒருத்தராவது இருப்பார் :-)

ஆனால் பழமொழியை ஒரு நிமிடம் குதிரையின் பக்கத்திலிருந்து பாருங்கள். பேச்சு வராத ஒரு ஜீவன். "முடியலை", "வலிக்குது", "இன்னைக்கு வேண்டாமே" என்றெல்லாம் சொல்லத் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு வாய்தான். அதைத் திறப்பதும் மூடுவதும்தான் அதன் பாஷை. அப்படியிருக்க, ஒரு நாள் கொள்ளு என்று சொல்லியும் குதிரை வாயைத் திறக்காவிட்டால்?

அந்தக் கேள்வி முக்கியமாகிற ஒரு இடம் உண்டு. அமெரிக்காவில் சொந்தமாகக் குதிரை வைத்திருப்பவர்கள் பலர் வார இறுதியில் அதில் ஏறி மலைப்பாதையில் போய், காட்டில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள். பணக்காரர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. ஆசிரியர், நர்ஸ், மெக்கானிக் என்று எல்லா வகை ஆட்களும் இதில் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குதிரையை டிரெய்லரில் ஏற்றி (சினிமா டிரெய்லர் இல்லை, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பெட்டி) பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். சனிக்கிழமை காலையில் பயணம், ராத்திரி காட்டில், ஞாயிற்றுக்கிழமை திரும்புதல்.

வட கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் வசிக்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, நாற்பது வயதைத் தாண்டியவர். பதினான்கு வயதுப் பழுப்புக் குதிரை ஒன்று வைத்திருக்கிறார், எடை 450 கிலோ. கூட வருபவர் பக்கத்து வீட்டு அம்மா. ஓய்வு பெற்ற நர்ஸ், நாற்பது வருஷமாகக் குதிரை ஓட்டுபவர். அவருக்கு ஒரு குதிரை, சாமான் சுமக்க இன்னொரு குதிரை. ஆக மொத்தம் இரண்டு பேர், மூன்று குதிரை.

கிளம்புவதற்கு முன்பே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. சவாரி செய்பவர், சேணம், மூட்டை எல்லாம் சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய குதிரைப்படைக் காலத்திலிருந்தே வருகிற ஒரு விதி. 2008இல் ஒஹையோவில் எட்டுக் குதிரைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தபோதும், சுமை 25, 30 சதவீதம் ஆகும்போது குதிரையின் தசை வலியும் இறுக்கமும் கூடுவது தெரிந்தது. 450 கிலோ குதிரைக்கு ஐந்தில் ஒன்று 90 கிலோ. அந்த அம்மா 64 கிலோ, சேணம் 14 கிலோ. மிச்சம் 12 கிலோ. அதற்குள் மழைக்கோட்டு, முதலுதவிப் பை, தண்ணீர், சாப்பாடு. பட்ஜெட் போடுவது மாதிரிதான், ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். மடக்கு நாற்காலி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்து, கடைசியில் நாற்காலி வீட்டிலேயே தங்கிவிடும்.

குதிரையின் சாப்பாட்டில் மட்டும் கை வைக்க முடியாது. ஒரு நாளைக்கு அதன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது ஒன்பது கிலோ உலர்ந்த புல் வேண்டும். அதுவும் எந்தப் புல்லும் ஆகாது. களைச்செடி விதை கலக்காதது என்று சான்று பெற்ற தீவனத்தைத்தான் பல தேசியக் காடுகளுக்குள் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் குதிரை தின்று போடுகிற லத்தியில் இருந்து அந்நியக் களை முளைத்து காட்டைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சாதாரண நாளிலேயே 25 முதல் 40 லிட்டர் வரை. வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். நம் தெருவுக்கு லாரித் தண்ணீர் வருகிற நாட்களில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கிற குடங்களை நினைத்துப் பாருங்கள். இது ஒரே ஒரு குதிரைக்கு!

சனிக்கிழமை காலை. முதல் இரண்டு மணி நேரம் சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பைன் மரங்கள், லேசான குளிர், லாடம் கல்லில் பட்டு வருகிற சத்தம், அவ்வளவுதான். குதிரையின் காதுகள் இரண்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எதிரில் நடந்து வருபவர்கள் பாதையின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று வணக்கம் சொல்கிறார்கள். (குதிரை மிரண்டால் மேட்டுப் பக்கமாக ஓடப் பார்க்குமாம், அதனால் கீழே ஒதுங்குவதுதான் பாதுகாப்பு.) செங்குத்தான இறக்கத்தில் இரண்டு பேரும் இறங்கி, லகானைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இறக்கத்தில் குதிரையின் முன்னங்கால்களில் விழுகிற பாரத்தைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறுகிறது. சேணத்தின் ஓரத்தில் வெள்ளை நுரை. ஒரு ஓடை வருகிறது. மற்ற இரண்டு குதிரைகளும் தலையை இறக்கிக் குடிக்கின்றன. பழுப்பு மட்டும் மூக்கை நனைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்கிறது.

வேர்த்துக் கொட்டிய மிருகம் தண்ணீரைப் பார்த்தும் குடிக்கவில்லையே, தாகமே எடுக்காதா? இங்கேதான் குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரு வித்தியாசம். மனிதனின் வேர்வையில் உப்பு குறைவு, தண்ணீர்தான் அதிகம். அதனால் வேர்க்க வேர்க்க ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடும். மூளை உடனே "தண்ணீர் குடி" என்று மணி அடிக்கும். குதிரையின் வேர்வையோ ரத்தம் அளவுக்கே, சில சமயம் அதைவிடவும் உப்பானது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறிவிடுவதால் ரத்தத்தின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. மணி அடிப்பதில்லை! உடம்பு வற்றிக்கொண்டே இருக்கும், தாகம் மட்டும் தெரியாது. அதனால்தான் நீண்ட தூரம் போகிறவர்கள் குதிரைக்கு உப்புக் கரைசலைக் கையோடு கொண்டுபோகிறார்கள்.

அந்த அம்மாவுக்கும் இது தெரியும். "அடுத்த ஓடையில் குடிக்கும்" என்று நினைத்தார். அடுத்த ஓடையிலும் மூக்கை நனைத்ததோடு சரி.

சாயங்காலம் புல்வெளி ஓரமாக முகாம். நம் ஊர் வண்டிக்காரர் வழியில் எங்கே நிறுத்தினாலும் முதலில் மாட்டை அவிழ்த்து, தண்ணி காட்டி, வைக்கோல் போட்டுவிட்டுத்தான் தன் சோற்று மூட்டையைப் பிரிப்பார். அங்கேயும் அதே வரிசைதான். முதலில் சேணத்தை இறக்குவது. முதுகில் எங்காவது வீக்கம், முடி உரசல், சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. நான்கு குளம்புகளையும் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று சுரண்டுவது. பிறகு, ஓடையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிறு. மரத்தில் அகலமான பட்டையைச் சுற்றி, அதில் கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றில்தான் குதிரை. மரத்தில் நேராகக் கட்டினால் பட்டை உரிந்துவிடும், குதிரை காலால் தோண்டித் தோண்டி வேரையும் வெளியே கொண்டுவந்துவிடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மனிதர்களுக்கு அடுப்பு.

ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் கூடாரத்துக்குள் போகிறார்கள். வெளியே மூன்று குதிரைகளும் புல்லை மெல்லுகிற சத்தம். "கறுக் கறுக்" என்று ஒரே தாளத்தில் வரும். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்று குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேல் எதையாவது மென்றுகொண்டேதான் இருக்கும். வயிறு சின்னது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் தின்ன வேண்டும். நின்றுகொண்டே அரைத்தூக்கம் போடும், கால் மூட்டு தானே பூட்டிக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். புது இடத்தில், பயமாக இருந்தால் அதையும் செய்யாது. அதன் ரத்தத்தில் இன்னும் ஓநாய் பயம் இருக்கிறது!

இரண்டு மணிக்கு அந்த அம்மா விழித்துக்கொள்கிறார். சத்தம் கேட்டு இல்லை. சத்தத்தில் ஏதோ ஒன்று குறைந்ததால்.

டார்ச் அடித்துப் பார்க்கிறார். இரண்டு குதிரைகள் மென்றுகொண்டிருக்கின்றன. பழுப்பின் முன்னால் போட்ட புல் அப்படியே கிடக்கிறது. அது முன்னங்காலால் மண்ணைக் கீறுகிறது. கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கிறது. மறுபடியும் கீறுகிறது.

குதிரை வைத்திருக்கும் எவருக்கும் இதைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கும். வயிற்று வலி! நமக்கு வயிற்று வலி என்றால் ஒரு ஓம வாட்டர், ஒரு மாத்திரை, இரண்டு நாள் லீவு லெட்டர். குதிரைக்கு அப்படி இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. தண்ணீர் போதாமல் குடலில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளலாம். குடல் முறுக்கிக்கொள்ளலாம். லேசான வலி தானாகவே சரியாகிவிடும். முறுக்கிக்கொண்டதென்றால் அறுவைச் சிகிச்சைதான், தாமதமானால் மரணம். இது எந்த வகை என்று ராத்திரி இரண்டு மணிக்கு, காட்டில், டார்ச் வெளிச்சத்தில் எப்படித் தெரியும்?

நர்ஸ் அம்மாவும் எழுந்து வந்துவிடுகிறார். தாடைக்கு அடியில் ஓடும் நரம்பில் விரலை வைத்து நாடி பார்க்கிறார். 52. வீட்டில் அமைதியாக நிற்கும்போது இந்தக் குதிரைக்கு 36. ஈறில் விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வந்தது, ஆனால் ஈறு பிசுபிசுவென்று காய்ந்திருக்கிறது. விலாவில் காதை வைத்துக் கேட்டால் குடல் இரைகிற சத்தம் வர வேண்டும். இடது பக்கம் கொஞ்சம் கேட்கிறது. வலது பக்கம் அநேகமாக ஒன்றும் இல்லை.

போனில் சிக்னல் இல்லை. மிருக வைத்தியர் இருக்கும் ஊருக்குப் போக, முதலில் பத்தொன்பது கிலோமீட்டர் பாதை.

"புல்லை எடுத்துடு. கொஞ்சம் கொஞ்சமா நடத்து. ஓட்டாதே" என்கிறார் நர்ஸ் அம்மா.

"வலி மருந்து வச்சிருக்கீங்களே, போட்டுடலாமா?"

"வைத்தியர் சொல்லாம போட்டா வலி மறைஞ்சிடும். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாமப் போயிடும். விடிஞ்சதும் நான் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் பேசுறேன். அதுவரை நடத்து."

பத்து நிமிடம் நடை, பத்து நிமிடம் நிறுத்தம், நாடி. இரண்டு வாளி தண்ணீர் வைக்கிறார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கொஞ்சம் உப்பு. பழுப்பு இரண்டையும் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. இப்படியே இரண்டரை மணி நேரம். கணக்கு எழுதுகிறவர் அல்லவா, ஒவ்வொரு நாடியையும் நேரம் போட்டுப் பழைய ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டே இருக்கிறார். 52. 52. 56. 50. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் அதே கேள்விதான். முதல் ஓடையிலேயே ஏன் நிற்கவில்லை? அடுத்த ஓடையில் குடிக்கும் என்று நினைத்தது யாருக்காக, குதிரைக்காகவா? நேரத்துக்கு முகாம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவா?

நாலரை மணிக்குக் குதிரை வாலைத் தூக்கியது. பொத் பொத்தென்று லத்தி விழுந்தது. சின்னதாக, காய்ந்து, உருண்டை உருண்டையாக. இரண்டு பெண்களும் இருட்டில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். படித்து, வேலை பார்த்து, வரி கட்டுகிற ஒரு மனுஷி சாணத்தைப் பார்த்து அழுவார் என்றால், அது இந்த ஒரு இடத்தில்தான்.

ஐந்தரைக்கு அது உப்பு வாளியில் வாயை வைத்தது. குதிரை தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும்போது ஒவ்வொரு மடக்குக்கும் காது ஒரு தடவை ஆடும். அந்த அம்மா காதைப் பார்த்து எண்ணினார். முப்பது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

ஆனால் கதையின் கஷ்டமான இடம் இது இல்லை. அது ஏழு மணிக்கு வருகிறது.

வெயில் வந்துவிட்டது. நாடி 40. மேட்டுக்கு ஏறிப் போனில் பேசிவிட்டு நர்ஸ் அம்மா திரும்பி வருகிறார். வைத்தியர் சொன்னது: "தண்ணீர் நிறைய, ஊற வைத்த தீவனம் கொஞ்சமாக. வலி திரும்ப வந்தால் உடனே கூப்பிடுங்கள். இன்று சவாரி வேண்டாம் என்பேன்." குதிரையோ ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. போட்ட திட்டப்படி இன்றைக்கு மலை மேலே இருக்கும் ஏரிக்குப் போக வேண்டும். இன்னும் ஆறே கிலோமீட்டர். மூன்று மாதமாகக் காத்திருந்த வார இறுதி. பெட்ரோல், தீவனம், முகாம் கட்டணம் எல்லாம் செலவழித்தாகிவிட்டது. குதிரை நன்றாகத்தானே இருக்கிறது? "வேண்டாம் என்பேன்" என்றுதானே சொன்னார், "கூடாது" என்று சொல்லவில்லையே?

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். செலவழித்துத் திரும்பி வராத பணத்தை அடுத்த முடிவின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு, ஏரி ஆறு கிலோமீட்டரில் இருக்கும்போது எழுதுவதுதான் கஷ்டம்.

"நீ ஏரிக்குப் போறதுன்னா நான் இதைப் பார்த்துக்கறேன், என் குதிரையை எடுத்துக்கோ" என்கிறார் நர்ஸ் அம்மா.

"வேண்டாம். வீட்டுக்குப் போறேன்."

பழுப்பின் மேல் சேணம் மட்டும் ஏறியது, ஆள் ஏறவில்லை. பத்தொன்பது கிலோமீட்டரும் அந்த அம்மா நடந்தே வந்தார். ஒவ்வொரு ஓடையிலும் நின்றார். குதிரை குடித்து முடித்துத் தானாகத் தலையைத் தூக்கும்வரை லகானை இழுக்கவில்லை.

இதே மலைப் பகுதியில்தான் டெவிஸ் கோப்பை என்ற பிரபலமான குதிரைப் பயணப் போட்டி நடக்கிறது. 1955இல் வெண்டெல் ரோபி என்பவர் சில நண்பர்களோடு ஆரம்பித்தது. ஒரே நாளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்குள். வழியில் பல இடங்களில் வைத்தியர்கள் நின்று நாடி, ஈறு, குடல் சத்தம், நடை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்த இருட்டில் இரண்டு பெண்கள் பார்த்த அதே விஷயங்கள்! தேறாத குதிரை அங்கேயே வெளியே. பல வருஷங்களில் கிளம்பிய குதிரைகளில் பாதியளவுதான் முடிக்கின்றன. கோட்டைத் தொட்டாலும் போதாது, "இன்னும் போகக்கூடிய நிலையில் இருக்கிறது" என்று வைத்தியர் சொன்னால்தான் முடித்ததாகக் கணக்கு.

1973இல் கோர்டி ஐன்ஸ்லீ என்பவரின் குதிரை வழியில் நொண்டியதால் அவர் விலக வேண்டிவந்தது. அடுத்த வருஷம் அவர் என்ன செய்தார் தெரியுமா? குதிரையே இல்லாமல், குதிரைகளோடு சேர்ந்து தன் காலாலேயே ஓடி 23 மணி 42 நிமிடத்தில் 100 மைலை முடித்தார். மனிதர்களுக்கான பிரபல 100 மைல் ஓட்டப் பந்தயம் ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது.

ஆனால் அங்கே இன்னொரு கோப்பையும் உண்டு. ஹாகின் கோப்பை. முதலில் வந்த குதிரைக்கு இல்லை. முதல் பத்தில் வந்த குதிரைகளில் உடம்பு மிக நல்ல நிலையில் இருப்பதற்கு. சனிக்கிழமை ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பரிசோதனை. எவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று ஒரு கோப்பை கேட்கிறது. அதை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தாய் என்று இன்னொரு கோப்பை கேட்கிறது. குதிரைக்காரர்களில் பலர் இரண்டாவதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை. ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன் அந்த அம்மா லாயத்துக்குப் போகிறார். இரண்டு பாதங்களிலும் கொப்புளம், செருப்புதான் போட முடிகிறது. சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று ஆபீஸில் கேட்பார்கள். ஏரியைப் பார்க்கவில்லை, போட்டோ இல்லை, சொல்ல ஒன்றும் இல்லை.

வாளியில் தீவனத்தைக் கொட்டுகிறார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு கனைப்பு. பழுப்பு ஓடிவந்து, அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், வாளிக்குள் வாயை நுழைக்கிறது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும். அது திட்டு என்று யார் சொன்னது?